ட்ரம்மில் தண்ணி கடிக்குது

முதல் நாள் காலை எட்டு மணிக்கு அந்தக் கட்டிடத்தின் கேட்டில் போய் நின்றேன். மேஸ்திரி என் தோளில் தொங்கிய டூல்ஸ் பையைக் கவனிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். மணல் குவியலுக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டிகளை வைத்துவிட்டுத் தலைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்த பெண்களைக் கையால் காட்டினார்.

"அங்க போயி நில்லும்மா. பாண்டு எடுத்துக்கோ."

"நான் எலக்ட்ரீஷியனுங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "யாரு, நீயா?" என்று கேட்டார்.

ஐ.டி.ஐ.யில் எங்கள் டிரேடில் இரண்டே பெண்கள். மற்றவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒன்றேகால் வருஷம் உட்கார்ந்தேன். கிணற்று மோட்டார், மிக்ஸி, ஃபேன். தேர்வு எழுதி, லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு கடைக்குள் உட்காரப் பிடிக்கவில்லை. முழுக் கட்டிடம் ஒன்றுக்கு ஒயர் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. தெரிந்தவர் ஒருவர் நம்பர் கொடுத்தார். சைட் என்ஜினியர் போனில் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "லைசென்ஸ் கையில இருக்கா?" இருக்கிறது என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார். பொம்பளைப் பிள்ளையா என்று கேட்காத முதல் ஆள் அவர். அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் அந்த லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு மாடி முடிந்து, மூன்றாவதற்குக் கூரை போட வேண்டிய கட்டம். ஐப்பசி பிறந்திருந்தது. கார்த்திகை தீபத்துக்குள் மேல்தளம் போட்டாக வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் மொட்டை மாடியில் நிற்க வைத்து மலையுச்சியில் தீபம் ஏறுவதைக் காட்டப்போவதாக அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அதனால் அங்கே யாரும் நடக்கவில்லை. எல்லோரும் ஓடினார்கள்.

சைட்டில் எனக்கு முன்பே ஓர் எலக்ட்ரீஷியன் இருந்தார். நாற்பது வயதிருக்கும். படிப்பு எட்டாவது, சர்டிஃபிகேட் எதுவும் கிடையாது. பதினைந்து வருஷமாகக் கட்டிட வேலையிலேயே இருந்தவர். கண்ணை மூடிக்கொண்டு ஒயர் நிறம் சொல்வார் என்று கேலி செய்வார்கள். என்னைப் பார்த்ததும் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். "வாம்மா" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் பிறகு நடந்ததெல்லாம் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பேனல் போர்டு படிக்கட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. முதல் நாளே திறந்து பார்த்தேன். டிரிப்பர் என்று நாங்கள் சொல்லும் சின்னக் கருவி உள்ளே இருந்தது. போன மின்சாரம் முழுசாகத் திரும்பி வராமல் ஒரு மனித உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கொஞ்சம் தரைக்குக் கசிந்தால்கூட, கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடுவது அதன் வேலை. பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் போக வேண்டிய ஒயர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நேராக அடுத்த சுவிட்சில் ஏறியிருந்தன. டிரிப்பரில் ஒயரே இல்லை. அது பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, இது பைபாஸ் பண்ணியிருக்குதே."

"நான்தாம்மா பண்ணேன்," என்றார், ஒளிவுமறைவில்லாமல். "மழ வந்தா ஒரு நாளைக்கு பத்து வாட்டி இந்த டிரிப்பர் உழுவுது, லைன் போயிடுது. மிஷினு நின்னா என்னத்தான் கத்துவாங்க. நீயும் நாலு நாள் இருந்து பாரு."

"எர்த்து?"

"பாறைம்மா இங்க. ராடு அடிச்சி பாத்தோம், மூணு அடிக்கு மேல எறங்கல. சும்மா ஒப்புக்கு நிக்கிது."

அன்று சாயங்காலம் என்ஜினியர் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். முப்பது வயதுக்காரர், மரியாதையாகப் பேசுபவர். அச்சடித்த தாளில் பத்துக் கட்டங்கள். எர்த் சரிபார்க்கப்பட்டதா, டிரிப்பர் வேலை செய்கிறதா, கேபிள்கள் சேதமில்லாமல் இருக்கின்றனவா. "தினம் காலையில டிக் அடிச்சி கையெழுத்து போட்டுடும்மா. ஃபைலுக்குத்தான்," என்றார். மேலே அண்ணன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரும் லைசென்ஸ் எண்ணும் ஏற்கெனவே டைப் ஆகியிருந்தன.

டிக் அடித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அப்பா அன்று காலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் என்னைக் காட்டி, லாட்ஜுக்கே கரண்டு குடுக்கப் போறாங்க என்று சொல்லியிருந்தார். பத்துக் கட்டத்திலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளும் போட்டேன்.

முதல் மாடியில் ஒரே ஒரு கழிவறைக்குத்தான் கதவு மாட்டியிருந்தார்கள். அதன் சாவியை என்ஜினியர் என்னிடம் கொடுத்திருந்தார். சித்தாள் பெண்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் திரும்பிப் போகும் வரைக்கும் அடக்கிக்கொண்டிருப்பார்கள், தண்ணீரே குடிக்காமல். இரண்டாம் நாளிலிருந்து பகலெல்லாம் சாவி அவர்களிடம்தான் இருந்தது. அப்படித்தான் அவர்களில் ஓர் அக்கா பழக்கமானாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கம்தான் ஊர். ஒரே பஸ்ஸில் வருவோம்.

அடுத்த வாரம் ஒரு நாள் சாவியைக் கொடுக்கும்போது கேட்டாள். "பாப்பா, நீ கரண்டு வேலதானே பாக்குற? அந்த ட்ரம்முல தண்ணி கடிக்குது."

"கடிக்குதுன்னா?"

"கைய உட்டா சுருக்குனு கடிக்குது. எல்லா நேரமும் இல்ல. மேஸ்திரிகிட்ட சொன்னோம். தண்ணிக்கு பல்லு மொளச்சிருக்கானு சிரிக்கிறாரு."

கலவையை மேலே ஏற்றும் லிஃப்ட்டுக்கு ஓர் இரும்புக் கோபுரம் நின்றது. பாறைமேல் மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கோபுரத்தின் காலை ஒட்டித்தான் அந்த இரும்பு ட்ரம் இருந்தது. ட்ரம்மின் விளிம்பில் டெஸ்டரை வைத்தேன். அதற்குள்ளே மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு சிவப்பு. மீட்டரை எடுத்து வந்து கோபுரத்துக்கும் ஈர மண்ணுக்கும் இடையில் வைத்தேன். பதினெட்டு வோல்ட். பெரிய விஷயமில்லை. ஆனால் இருக்கக் கூடாதது.

மறுநாள் காலை பூஜ்யம். அதற்கு மறுநாள் இருபத்தாறு. இரவு மழை பெய்த மறுநாள் காலை நாற்பத்து மூன்று. வெயில் ஏறியதும் பூஜ்யம். அது எங்கிருந்து வருகிறது என்று தேடப் போகும்போதெல்லாம் அங்கே இருக்காது. ஒரு ஆள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்து, நாம் திரும்பினால் மறைந்துகொள்வது போல. மதியம் சாப்பிடும்போதுகூட என் கண் அந்தக் கோபுரத்தின் காலிலேயே இருந்தது. பெண்கள் அதில் சாய்ந்துகொண்டு நின்றார்கள், அதன்மேல் கை வைத்து மூச்சு வாங்கினார்கள், சேலைத் தலைப்பை அதில் காயப்போட்டார்கள்.

அண்ணனிடம் சொன்னேன். வந்து கையை விட்டுப் பார்த்தார். கனமான ரப்பர் செருப்புப் போட்டிருந்தார். "ஒண்ணும் தெரியலயேம்மா," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ட்ரம்மைக் காலால் தள்ளி ஓர் அடி விலக்கி வைத்தார். "இப்ப சரியாப்போச்சா?" தண்ணீர் நிரப்பும் ஹோஸ் அவ்வளவு தூரம் எட்டவில்லை. மறுநாள் யாரோ அதைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டிருந்தார்கள்.

என்ஜினியரிடம் போனேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "புரியுதும்மா. கான்கிரீட் முடியட்டும், ஒரே வாரம். அப்புறம் மொத்தமா கேபிள் மாத்திடலாம். இப்ப லிஃப்ட்ட நிறுத்தினா சென்ட்ரிங் ஆளுங்க வேற சைட்டுக்குப் போயிடுவாங்க, திரும்பப் புடிக்க முடியாது." பிறகு ஃபைலை என் பக்கம் நகர்த்தினார். அன்றைய தாள் இன்னும் காலியாக இருந்தது.

பேனாவை எடுத்தேன். பத்துக் கட்டத்திலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

நான்கு நாள் கழித்து, விடியற்காலை வரை மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள். பதினொரு மணி இருக்கும். நான் இரண்டாவது மாடியில் பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு பாண்டு கல்லில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. கத்தல் எதுவும் இல்லை. பாண்டு சுற்றிச் சுற்றி அடங்கியது, அதன் பிறகுதான் பெண்கள் கத்தினார்கள்.

இறங்கி ஓடினேன். அக்கா சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கையைக் கோபுரத்தில் ஊன்றிக்கொண்டு மறு கையால் ட்ரம்மில் தண்ணீர் மொள்ளக் குனிந்திருக்கிறாள். விறைத்து நின்றவள், கால் சேற்றில் வழுக்கிக் கீழே விழுந்துவிட்டாள். அந்தச் சேறு இல்லையென்றால் கோபுரம் அவளை விட்டிருக்காது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உதடு அசைந்தது.

"காலையில சாப்டாம வந்திருக்கும். மயக்கம்," என்றார் மேஸ்திரி. முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். யாரோ சோடா வாங்க ஓடினார்கள். நான் அவள் வலது கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையில் மோதிர விரலுக்குக் கீழே சுண்ணாம்பு தடவியது போல ஓரம் வெளுத்த ஒரு காயம், நடுவில் கறுப்பு.

"ஷாக்கு," என்று சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் சொல்லவில்லை.

அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு மீட்டரைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் கோபுரத்தில் வைத்தேன். பூஜ்யம். மறுபடி வைத்தேன், இடம் மாற்றி வைத்தேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் முள்ளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராக வேலைக்குப் போனார்கள். கடைசியாக அண்ணன் மட்டும் நின்றார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. ஆனால் அவரும் போய்விட்டார்.

சாயங்காலம் என்ஜினியர் ஃபைலோடு வந்தார். "நாளன்னிக்கு கான்கிரீட்டும்மா. அன்னிக்கு நேரமிருக்காது. அந்தத் தேதிக்கும் இப்பவே போட்டுடு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த சைட்டில் ஒயர் இழுக்க ஆள் இருந்தது. மிஷின் ஓட்ட ஆள் இருந்தது. இல்லாமலிருந்தது ஒரு லைசென்ஸ் எண். ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்த்தார்கள் என்று கேட்கும்போது காட்ட ஒரு பெயர். போனில் கேட்ட அந்த ஒரே கேள்விக்கு அர்த்தம் அதுதான்.

"அன்னிக்கு காலையில பாத்துட்டு போடறேன் சார்," என்றேன்.

அவர் ஃபைலை மூடினார். "உன் இஷ்டம்."

கான்கிரீட் போடும் நாள் காலை ஆறரைக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். மேகம் மலையை இடுப்பு வரைக்கும் மூடியிருந்தது. தூறல் நிற்காமல் விழுந்தது. இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தார்கள். மேலே கம்பி கட்டி முடித்த தளத்தில் நனைந்த கம்பிகளின் மேல் வெறுங்காலோடு பாதிப் பேர் நின்றார்கள். கலவை மிஷின் டீசலில் ஓடியது. லிஃப்ட்டும், கொட்டிய கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரும் மட்டும்தான் கரண்டில். கோபுரத்தின் காலடியில் பெண்கள் வரிசை. வரிசையில் மூன்றாவதாக அக்கா, வலது கையில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு.

"நீ ஏன்க்கா வந்த?"

"ஆள் அனுப்பினாங்க பாப்பா. இன்னிக்கு வரலன்னா அப்புறம் வரவே வாணாம்னு சொல்ட்டாங்க."

மீட்டரை வைத்தேன். அறுபத்து நான்கு. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அறுபத்தேழு. ஏறிக்கொண்டிருந்தது.

நான் தைரியசாலி இல்லை. அந்த எண் ஏறுவதைப் பார்த்தபோது எனக்கு வந்தது தைரியம் இல்லை, பயம். படிக்கட்டுக்கு அடியில் போனேன். மெயினை இறக்கினேன். மூன்று ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கி என் பையில் போட்டு ஜிப்பை மூடினேன். பாதி வழியில் ஏறிக்கொண்டிருந்த லிஃப்ட் அப்படியே தொங்கியது.

என்ஜினியர் மேலிருந்து இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்தார். "இன்னாச்சு? யாரு மெயின எறக்கினது?"

"நான்தான் சார். கோபுரத்துல கரண்டு வருது."

"கலவ போட்டாச்சும்மா! ஒரு மணி நேரத்துல எறுகிடும். கட்டைய குடு."

"மேல அத்தன பேரு ஈரக் கம்பி மேல நிக்கிறாங்க சார்."

"நிறுத்தறதுக்கு நீ யாரு?"

"ஃபைல்ல என் பேருதானே சார் இருக்கு," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

அண்ணன் வந்தார். கையை நீட்டினார். "குடும்மா. நான் பாத்துக்கறேன்."

"குடுக்கறேன்ணே. ஃப்யூஸ் போட்டப்புறம் செருப்ப கழட்டிட்டு அந்தக் கோபுரத்த ஒரு வாட்டி தொடுங்க. அப்புறம் நான் ஒண்ணும் பேசல."

அவர் கோபுரத்தைப் பார்த்தார். சேற்றில் அதன் கால் நனைந்து மினுங்கியது. பிறகு அக்காவின் கைத்துணியைப் பார்த்தார். நீட்டிய கை மெதுவாக இறங்கியது. கட்டிங் பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டு கோபுரத்தில் ஏற ஆரம்பித்தார். மேல்தளத்துக்குப் போகும் கேபிளைக் கோபுரத்தோடு சேர்த்துத்தான் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டாக விரலால் தடவிக்கொண்டே ஏறினார். இருபதடி உயரத்தில் நின்றார். முகத்தைக் கேபிளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மேல வாம்மா," என்றார்.

ஏறினேன். கட்டுக்கம்பியை முறுக்கி இறுக்கிய இடத்தில், லிஃப்ட்டின் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, கம்பி கேபிளின் தோலுக்குள் இறங்கியிருந்தது. உள்ளே செம்பு பச்சை பிடித்துத் தெரிந்தது. தூறல் அதன்மேல் சொட்டி, கோபுரத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"நான்தான் கட்டினேன்," என்றார் அண்ணன். "துண்டு ஒயரால கட்டுனா போதும், கட்டுக்கம்பி வாணாம்னு எல்லாருக்கும் சொல்லுவேன். அன்னிக்கு அவசரம்."

கேபிளை மாற்றி, கோபுரத்தைத் தொடாமல் தனியாகச் சவுக்குக் கழியில் ஏற்றி, டிரிப்பருக்குள் ஒயரைத் திருப்பிக் கொடுத்து முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. கலந்த கலவையைப் பள்ளத்தில் கொட்டினார்கள். டிரிப்பர் நடுவில் ஒரு முறை விழுந்தது. வைப்ரேட்டர் கசிந்தது, வேறு கொண்டுவந்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தளம் முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத நாளைப் பற்றி யாரும் பேசவும் மாட்டார்கள். நேரம் போனதைப் பற்றித்தான் பேசினார்கள்.

மறுநாள் என்ஜினியர் போன் செய்தார். வேறு லைசென்ஸ் ஆள் கிடைத்துவிட்டதாகச் சொன்னார், கழிவறைச் சாவியைக் கேட்டார். கொடுக்கப் போனபோது அண்ணன் கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"ஃபைல்ல எத்தினி நாள் கையெழுத்து போட்ட?"

"பதினாலு நாள்."

"அந்தத் தாளையெல்லாம் கேட்டு வாங்கிடு. உட்டுட்டு போவாத."

கேட்டேன். ஃபைல் ஆபீசுக்குப் போய்விட்டது என்றார்கள். எந்த ஆபீஸ் என்று யாரும் சொல்லவில்லை. பதினான்கு தாள்கள் இன்னும் எங்கோ ஓர் அலமாரியில் என் கையெழுத்தோடு இருக்கின்றன. அதில் ஒன்று அக்கா விழுந்த தேதி. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன் இன்றைக்கும் ஒரு கணம் தயங்குகிறேன்.

பத்து நாள் கழித்து அக்காவின் ஊருக்குப் போனேன். மதியம். அவள் வாசலில் உட்கார்ந்து இடது கையால் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி இல்லை என்றாள். அடுப்பில் சுட்டாலும் தெரியவில்லையாம், வாசனை வந்த பிறகுதான் தெரிகிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். சொன்னேன். ஒவ்வொரு நாள் காலையிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான்தான் எழுதிக்கொடுத்தேன், அவள் விழுந்த அன்று காலையிலும்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்க்கா."

முறத்தில் இருந்தது முழுக்கத் தீர்ந்த பிறகுதான் பேசினாள்.

"சொல்லாமயே இருந்திருக்கலாம் பாப்பா. தண்ணி கடிக்குதுன்னப்ப சிரிக்காதவ நீ ஒருத்திதான்னு நெனச்சிட்டு இருந்தேன்."

பிறகு உள்ளே போய்க் காபி வைத்தாள். சூடான டம்ளரை உணர்ச்சியில்லாத அந்த இரண்டு விரலில் தாங்கிக்கொண்டு வந்தாள், சுடுகிறது என்பதே தெரியாமல். நான் அவசரமாக வாங்கிக்கொண்டேன். குடித்து முடிக்கும் வரைக்கும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வேங்கிக்காலில் புது வீடுகளுக்கு நிறைய ஒயரிங் செய்துவிட்டேன். அவளுடைய போனுக்கு இரண்டு முறை அடித்தேன். இரண்டாவது முறை அவள் மகள் எடுத்து, அம்மா வயலுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொன்னாள். பின்னால் அக்கா யாரையோ கூப்பிடும் குரல் கேட்டது.